பவுசர் எந்த ஊரில் நிற்கும்

நூற்றுச் சொச்சம் வீடுகளின் இரவு நித்திரைக்கு விலை ஒரு பவுண் என்று சொன்னவர் நகைக்கடைக் கணேசலிங்கம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், தன் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றபடி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவள் மேரிறோஸ்.

விலை சொல்லி மேரிறோஸைத் திகைக்க வைப்பது லேசான காரியம் அல்ல. அப்டன் பார்க்கில் சாறிக்கடை வைத்திருக்கிறாள். அதற்கு முன் பதினொரு வருடம் ஜேர்மனியில் பூ விற்றாள். அதற்கும் முன் சங்குமுனைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவரின் மூத்த மகள். வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, காலைத்தான் பார்ப்பார்கள். முகம் பொய் சொல்லப் பழகிவிடும், காலுக்கு அந்தக் கெட்டித்தனம் வராது. அன்று கணேசலிங்கத்தின் கால்கள் மேசைக்குப் பின்னால் மறைந்திருந்தன. வந்த குழப்பம் அத்தனைக்கும் அந்த மேசைதான் காரணம் என்று அவள் பின்னாளில் சாதித்தாள்.

சங்குமுனை, யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் ஒரு மூலையில் கிடக்கிற சின்ன ஊர். ஒரு அந்தோனியார் கோயில், கரையோரம் வலைகள் வைக்கிற ஓலை வாடிகள், அவற்றை ஒட்டி வீடுகள். பட்டணத்துத் தீயணைப்பு வண்டி வந்து சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஓலைக்கூரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சில வருடங்களுக்கு முன் சோளகக் காற்றில் ஒரு வாடி பற்றி, அதிலிருந்து ஒரு வரிசை வீடு போனது. அதில் ஒன்று மேரிறோஸின் தம்பி றொனால்டின் வீடு. அவன் மனைவி அஜித்தாவின் இடது கையில் இன்னும் அந்த இரவு தழும்பாகச் சுருண்டு கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் லண்டனில் இருந்த சங்குமுனை ஆட்கள் காசு சேர்த்து ஒரு பவுசர் வாங்கிக் கொடுத்தார்கள். ட்ரக்டரின் பின்னால் கொழுவுகிற தண்ணீர்த் தாங்கி, அதன் முதுகில் ஒரு பம்ப், நீளமாக ஒரு குழாய். கோயிலடியில் நிற்கும். மணி அடித்தால் றொனால்ட் ட்ரக்டரை எடுப்பான், பெடியள் ஓடிவந்து தொற்றுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் எந்தச் சாமத்திலும் நாலு பேராவது விழித்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒரு வீடும் முழுதாக எரியவில்லை.

எரியத் தொடங்கியது லண்டன் சங்கம்தான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடும் கூட்டத்தில் ஒரு காலத்தில் நிற்க இடம் இருக்காது. இப்போது கதிரைகள் ஆட்களைத் தேடின. பிள்ளைகளிடம் சந்தா கேட்டால், காணாத ஊருக்கு எதற்குக் காசு என்று இங்கிலீசில் மரியாதையாகக் கேட்டார்கள். பவுசருக்கு இன்சூரன்ஸ், டயர், பம்புக்கு மாதம் ஒரு வருத்தம். நத்தார்ப் பண்டிகைக்கு மேல் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து ஊர் இலந்தைவெளி. அவர்களின் லண்டன் சங்கம் வேறு சாதி மிருகம். வருடாந்த விருந்து, வெப்சைட், எல்லாவற்றுக்கும் மேல் இங்கிலாந்திலிருந்தே கப்பலில் ஏற்றி அனுப்பிய பழைய சிவப்புத் தீயணைப்பு வண்டி. அதன் இரண்டு பக்கமும் கொடுத்தவர்களின் பெயர்கள் மஞ்சள் எழுத்தில் இருந்தன. பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார்கள். சங்குமுனைச் சங்கத்தை இலந்தைவெளிச் சங்கத்தோடு சேர்த்துவிடலாம், பவுசரையும் செலவையும் நாங்கள் பொறுப்பெடுக்கிறோம் என்று அதன் தலைவர் கணேசலிங்கம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

சேர்வதில் மேரிறோஸுக்கு மறுப்பு இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தச் சங்கத்தின் பெயரில் ஓடினாலும் பவுசர் இரவில் சங்குமுனையில் நிற்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு கிலோமீற்றர். அதில் பாதி வீதி, மீதி வீதியின் ஞாபகம். அந்த வழியால் பவுசர் வந்து சேரும்போது அணைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சங்கத்தின் செயலாளராக அதைப் பேசி முடிக்கத்தான் அன்று நகைக்கடைக்கு வந்திருந்தாள்.

கணேசலிங்கம் யாருடையவோ பேரப்பிள்ளைக்கு ஒரு பவுண் காசை நிறுத்துக்கொண்டிருந்தார். லோயரிடம் எல்லாம் கதைத்துவிட்டதாகச் சொன்னார்.

“சும்மா எழுதி எடுக்கக் கூடாதாம், தங்கச்சி. ஏதோ குடுத்து வாங்கின மாதிரி இருக்கவேணுமாம். ஒரு பவுண் தாறன்.”

மேரிறோஸின் பார்வை தராசில் மினுங்கிய காசுக்குப் போய்த் திரும்பியது. எட்டுக் கிராம். இன்றைய விலைக்கு ஒரு பவுண் என்பது அவளுடைய கடையில் இரண்டு கிழமை வியாபாரம். ஒரு செலவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர், அதற்குமேல் தங்கமும் தருகிறாரா? ஆனால் யோசிப்பதற்கு முன்பே வாய் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

“ஒண்டோ, அண்ணை? ஒரு ஊரெல்லோ. ரெண்டாக்குங்கோ.”

“சரி, ரெண்டு.”

இதுதான் அவளை உலுக்கியது. செய்கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் கதிரை தேடி உட்கார்ந்து, நெஞ்சைத் தடவி, மனைவி நாகேஸ்வரியிடம் தண்ணீர் கேட்கிற மனிதர் இவர். கண் இமைக்காமல் இரட்டிக்கிறார்.

“ஐஞ்செண்டா?”

“பத்தெண்டாலும் தாறன்,” என்று கணேசலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். “நீங்கள் கையெழுத்தை வையுங்கோவன்.”

பேரம் பத்துப் பவுணைத் தொட்ட கையோடு மேரிறோஸ், பவுசர் எங்கள் கோயிலடியில்தான் நிற்கும், அதையும் பத்திரத்தில் எழுதுங்கள் என்றாள். சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அது சரிவராது என்றார். வண்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டுமாம், பிள்ளையாரடியில்தான் கொட்டகை இருக்கிறதாம். அவள் விட்டுப் பிடித்தாள், சுற்றி வளைத்தாள், எழும்பிப் போவதுபோல் கதவு வரை போய்த் திரும்பினாள். மனிதர் அசையவில்லை. பத்துப் பவுண் கேட்டால் தருகிறார். ஐந்து சதச் செலவில்லாத ஒரு வரியைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்டன் பார்க்குக்கு ரயிலில் ஒரே ஸ்டேசன். அந்த ஒரு ஸ்டேசனுக்குள் மேரிறோஸ் சங்குமுனையை மேலும் கீழும் தோண்டிப் பார்த்துவிட்டாள். பேரம் பேசாமல் வாங்குகிறவனுக்கு, விற்கிறவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. அது என்ன? கோயிலடி நிலமா? யாராவது ஹோட்டல் கட்ட வருகிறார்களா? அந்தோனியாருக்கு அடியில் எண்ணெய் கிண்ணெய் இருக்கிறதா? இந்தப் பழுதாய்ப்போன பவுசருக்குள் என்னதான் இருக்கிறது? கடைக்கு வந்த பிறகும் இதுவே ஓடிக்கொண்டிருந்ததில், காஞ்சிபுரம் கேட்ட ஒருத்திக்கு நைலக்ஸைக் காட்டிவிட்டாள்.

சங்கத்தின் பொருளாளர் டொலறஸிடம் மட்டும், வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். அடுத்த ஞாயிறு மண்டபம் நிரம்பியிருந்தது. வருடக்கணக்காய்ச் சந்தா கட்டாதவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். பத்துப் பவுணில் மாதாவுக்கு முடி செய்யலாம் என்றது ஒரு பகுதி. முடி வேண்டாம், பக்கத்துப் பார்க்கிங் டவுனில் சொந்தமாக ஒரு மண்டபத்துக்கு முற்பணம் கட்டலாம் என்றது இன்னொரு பகுதி. தங்கத்தை யாருடைய வீட்டில் வைப்பது என்பதில் இரண்டு மச்சான்மார் கோபித்துக்கொண்டார்கள். சங்குமுனைச் சங்கத் தலைவர் ஞானரட்ணம் மட்டும் கைத்தடியில் நாடியை ஊன்றிக்கொண்டு இருந்தார். சேருவதே அவருக்குப் பிடிக்கவில்லை. சங்குமுனை என்ற பெயர் கடிதத் தலைப்பில் இல்லாமல் போகும், அதைப் பத்துப் பவுணுக்கு விற்றால் என்ன, நூறு பவுணுக்கு விற்றால் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் மாதாவின் முடிக்கு எத்தனை கல் பதிப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பவுசர் சங்குமுனையில் நிற்குமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தங்கம் வருமுன்னரே வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று மேரிறோஸுக்குப் பட்டது.

அன்று பின்னேரம் றொனால்டுக்குப் போன் அடித்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது, அலைச் சத்தம் கேட்டது. கோயிலடியைச் சுற்றி யாராவது அளந்து பார்த்தார்களா, தெரியாத வாகனம் ஏதும் வந்து நின்றதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

“அக்கா, இஞ்ச மண்ணும் அந்தோனியாரும்தான் இருக்கினம். ரெண்டையும் ஆரும் அளக்கேல்லை.”

இலந்தைவெளியிலிருந்து யாராவது வந்தார்களா என்று விடாமல் கேட்டாள்.

“அவையள் எங்க வாறது? நாங்களெல்லோ அங்க போறம்.”

“நீங்கள் ஏன் போறியள்?”

“நெருப்புக்குத்தான்.”

மேரிறோஸ் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். றொனால்ட், வாய் தவறிவிட்டதே என்று கொஞ்சம் இழுத்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிவப்பு வண்டியின் சாரதி போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அதை ஓட்ட ஆள் இல்லை. இலந்தைவெளியில் வீட்டுக்கு ஒரு வயது போன சீவனும் ஒரு நாயும்தான் மிச்சம். இளந்தாரிகள் எல்லாம் லண்டனிலும் ரொறன்ரோவிலும். வண்டியின் பற்றறி செத்து, எலி வயரைத் தின்று, தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு மட்டும் ட்ரக்டரில் கட்டி இழுத்துப் போகிறார்கள். பங்குனியில் அங்கே பனங்காணி பற்றி எரிந்து, ஒரு கிழவியின் வேலி வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மா றொனால்டின் நம்பரை எங்கோ தேடி எடுத்து அடித்திருக்கிறார். அவனும் பெடியளும் பவுசரோடு போய் விடியும்வரை நின்று நெருப்பை நூர்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை போயாயிற்று.

“ஆரடா அந்தக் கிழவி?”

“கமலாம்பிகை அம்மா. உங்கட நகைக்கடைக்காரற்ற தமக்கை. லண்டனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பிக்கு வெக்கக்கேடு எண்டு கையப் பிடிச்சுக் கெஞ்சினவா. அதுதான் நான் உங்களுக்கும் சொல்லேல்லை.”

மேரிறோஸ் போனை வைத்தாள். தானே தனக்கு முட்டாள் என்று பேய்ப்பட்டம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நிலத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருந்த புதையல் நிலத்துக்கு மேலேயே நடமாடியிருக்கிறது. இலந்தைவெளியிடம் வண்டி இருக்கிறது, பெயர் இருக்கிறது, காசு இருக்கிறது. நெருப்பு என்றதும் ஓடுகிற ஆள் இல்லை. அதற்குத்தான் மனிதர் பத்துப் பவுண் தருகிறார் என்று கணக்கை முடித்துக்கொண்டாள். கணக்கில் பாதி சரி.

மற்றப் பாதி, தங்கத்துக்காகச் சங்குமுனை சேரச் சம்மதித்துக் கையெழுத்து வைக்கிற நாளில் வெளிச்சமானது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. ஒரு பக்கம் கோட்டுப் போட்ட இலந்தைவெளி, மறுபக்கம் சங்குமுனை. டொலறஸ் பூட்டுப் போட்ட கைப்பை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். பத்திரத்தை வாசித்துக் கேட்பித்தார்கள். பவுசர் நிற்கும் இடம் பிள்ளையாரடி என்றே இருந்தது. பிறகு கணேசலிங்கம் எழுந்து, கோட்டுப் பையிலிருந்து பேர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு பத்துப் பவுண்ஸ் தாளை உருவி மேசையில் வைத்தார்.

“லோயர் சொன்னது ஒண்டு. தங்கச்சி பத்துக்குக் குறைய இறங்கமாட்டன் எண்டுட்டா.”

அவர்கள் பக்கம் சிரித்தது. சங்குமுனைப் பக்கம் அந்தத் தாளுக்குப் பின்னால் வரப்போகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி வரவில்லை.

லண்டன் தமிழில் ஒற்றைப் பவுண்ட் என்ற ஒன்றே கிடையாது. ஒன்றானாலும் நூறானாலும் பவுண்ஸ்தான். ஒரு பவுண்ஸுக்கு வாழைக்காய், இரண்டு பவுண்ஸுக்குக் கறிவேப்பிலை. பவுண் என்று யாராவது சொன்னால் அது தங்கம், அதுவும் நகைக்கடைக்குள் சொன்னால் கேள்வியே இல்லை. கணேசலிங்கம் அன்று காலை முழுக்க வெள்ளைக்கார லோயரோடு இங்கிலீசு கதைத்துவிட்டு வந்திருந்தார். ஒருமை பன்மை பிசகாத அந்தச் சுத்தமான இங்கிலீசு அப்படியே தமிழுக்குள் வந்து, எட்டுக் கிராம் கூடிவிட்டது.

மேரிறோஸுக்குக் காது மடல் சுட்டது. டொலறஸ் கைப்பையை மெதுவாகக் கதிரைக்கு அடியில் தள்ளினாள். விஷயம் விளங்கிய ஒவ்வொருவராகச் சங்குமுனை வரிசையில் தலை குனிய, ஞானரட்ணம் மட்டும் கைத்தடியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வருடங்களுக்குப் பிறகு.

இந்த இடத்தில் ஒரு வசனம் போதும், சிரிப்பை மற்றப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். உங்கள் சிவப்பு வண்டி கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது என்று கேட்டால் முடிந்தது. அந்த வண்டியில் பெயர் எழுதியவர்களில் பாதிப்பேர் எதிரே இருக்கிறார்கள். கேள்வி அவளுடைய நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஆனால் சபையில் ஒருவனை அவமானப்படுத்தி வாங்குகிற பொருளை, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவன் பழுதுபார்த்துத் தரமாட்டான். மேரிறோஸ் அந்தத் தாளை எடுத்து, கடையில் செய்கிற மாதிரியே வெளிச்சத்துக்குப் பிடித்து நல்ல தாளா என்று பார்த்தாள்.

“அண்ணை, ஒருக்கா வெளியில வாங்கோ. மிச்சம் தரவேணும்.”

மாடிப்படியில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கீழே இருந்து வந்தது. அவள் இரண்டு படி கீழே நின்றாள். இப்போது கணேசலிங்கத்தின் கால்கள் நேரே கண்ணுக்கு முன்னால்.

“பங்குனியில பனங்காணி எரியேக்க உங்கட அக்கா ஆருக்கு அடிச்சவா?”

வலது கால் படியின் விளிம்பைத் தேடியது. யார் சொன்னது என்று கேட்டார். அவள் சொல்லவில்லை.

பிறகு கணேசலிங்கம் கதைக்கத் தொடங்கினார். சிவப்பு வண்டி ஓடாதது கமிட்டிக்குத் தெரியாது என்றார். தெரிந்தால் வண்டிக்குக் காசு கொடுத்த நாற்பது குடும்பமும் தன்னைத் தின்றுவிடும். தமக்கையை இங்கே கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். நெருப்பு வேலிக்கு வந்த அன்று தமக்கை எடுத்த போனில் அதன் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் கதைக்கவில்லை. அதிலிருந்து இரவு நித்திரை இல்லை. பவுசரைத் தமக்கை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து விட்டால் போதும் என்று நினைத்தாராம்.

“விட்டா ஆர் ஓட்டுறது, அண்ணை? பிள்ளையாரோ?”

அவர் கொத்துரொட்டிச் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் விடவில்லை.

“பவுசர் உங்கட ஊரில நிக்க, என்ர தம்பி ஆறு கிலோமீற்றருக்கு அங்கால படுத்திருப்பான். அவன் சைக்கிள்ள வந்து சேர முன்னம் ரெண்டு ஊரும் எரிஞ்சிடும். பெடியள் இல்லாட்டி அது வெறும் தகரம்.”

கணேசலிங்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தங்கத்தை எடைபோட்டே வயது போன மனிதர். தாங்கியையும் குழாயையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார், ஓட்டுகிற கையைத் தராசில் வைக்க மறந்துவிட்டார். அது அவருக்கே விளங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மேரிறோஸ் தன் விலையைச் சொன்னாள். பவுசர் சங்குமுனையில் நிற்கும். சிவப்பு வண்டியையும் திருத்தி அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். இரண்டுக்கும் றொனால்ட் பொறுப்பு. மணி எந்த ஊருக்காக அடித்தாலும் வண்டி போகும். கோயிலடியில் ஒரு கொட்டகை, இலந்தைவெளி செலவில். ஓட்டப் பழகுவதற்கு இலந்தைவெளியிலிருந்து நான்கு ஆள்.

“எங்கட பேர் எழுதின வண்டியை உங்கட ஊரில விட்டா என்ர ஆக்கள் என்னைச் சும்மா விடுவினமே?”

“பேர் உங்கட பேராவே இருக்கட்டும். பவுசரில இருக்கிற எங்கட பேரையும் அழிச்சுப்போட்டு உங்கட பேரை எழுதுங்கோ.”

கணேசலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண்ணிடம் தான் இவ்வளவு நாளும் எதை வாங்கப் பார்த்தோம் என்று அறியும் ஆவல் அந்தப் பார்வையில் இருந்தது. உங்கள் ஆட்கள் விடுவார்களா என்று கேட்டார். அது தன் பாடு என்றாள்.

அதோடு மனிதருக்கு உயிர் வந்தது. நான்கு ஆள் ஏலாது என்றார். ஊரில் நடக்கக்கூடிய ஆளே நான்கு இல்லை, ஒன்று தருகிறேன் என்றார். மூன்று என்றாள். நெஞ்சைத் தடவினார், நாகேஸ்வரியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். கதவுக்குப் பின்னாலேயே நின்ற நாகேஸ்வரி போத்தலோடு உடனே வந்தாள். இரண்டு ஆளில் முடிந்தது. கொட்டகைக்குப் பழைய தகரம் போடலாமா என்று கேட்டார். புதுத் தகரம் என்று முடிந்தது. மேரிறோஸ் அப்போதுதான் நம்பினாள். பேரம் பேசுகிறார் என்றால் உண்மையில் தரப்போகிறார்.

மேலே போய்ச் சங்குமுனை ஆட்களைத் தனியாக ஒரு மூலைக்குக் கூப்பிட்டாள். பற்றறியையும் பனங்காணியையும் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு வண்டியும் எங்கள் ஊரில் நிற்கும், எங்கள் பெயர் எதிலும் நிற்காது, சங்கம் இன்றோடு கலையும், அவ்வளவுதான் என்றாள். தங்கம் போன வெக்கத்தில் இருந்தவர்களுக்கு இது இரண்டாவது அடி. ஞானரட்ணம் எழும்பினார்.

“மேரி, நான் செத்தாப்பிறகு பிள்ளையளுக்கு அந்த ஊர் இருந்ததெண்டு தெரியிறதுக்கு அந்தப் பேரை விட்டா வேற என்ன இருக்கு?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. மேரிறோஸ் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஊர் இருக்கும், அண்ணை. நெருப்புப் பேரை வாசிச்சுப்போட்டே வாறது?”

வாக்கெடுத்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு மேலே போயின. ஞானரட்ணம் கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிந்தபோது அவருடைய சங்கம் இல்லை.

பத்திரத்தைத் திருத்தி எழுத ஒரு கிழமை எடுத்தது. கணேசலிங்கம் தன் ஆட்களிடம், கடல் பக்கத்தில் நின்றால்தான் இரண்டு ஊருக்கும் பாதுகாப்பு என்று ஒரு பிரசங்கம் வைத்தார். தமக்கையின் பெயரையோ பற்றறியின் பெயரையோ எடுக்கவில்லை. கைதட்டினார்கள். சிவப்பு வண்டியை ட்ரக்டரில் கட்டி இழுத்துத்தான் சங்குமுனைக்குக் கொண்டுவந்தார்கள். றொனால்ட் புதுப் பற்றறி போட்டு, வயர் மாற்றி, முதல் தடவை எஞ்சின் பிடித்தபோது போனைத் தூக்கி மேரிறோஸுக்குக் கேட்கப் பண்ணினான். கடையில் சாறி மடித்துக்கொண்டிருந்தவள், வாடிக்கையாளர் முன்னால், ஒரு இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அஜித்தா பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது.

ஆவணியில் சோளகம் எழும்பியபோது கரையில் ஒரு வாடி பற்றியது. பக்கத்து வாடியின் கூரை புகையத் தொடங்க முதல் தண்ணீர் விழுந்துவிட்டது. வலைகள் கொஞ்சம் போயின. வீடு ஒன்றும் போகவில்லை.

அடுத்த பங்குனி வந்து போன பிறகு, கடையில் ஆள் வராத ஒரு செவ்வாய்க்கிழமை, மேரிறோஸ் தன் தகப்பன் கரையில் நின்று செய்கிற மாதிரி வாய்க்குள்ளேயே கணக்குப் பார்த்தாள். கொடுத்தது: சங்கம் ஒன்று, அதன் பெயர், ஞானரட்ணம் அண்ணையின் தலைவர் கதிரை. பெற்றது: சிவப்பு வண்டி ஒன்று, புதுத் தகரக் கொட்டகை ஒன்று, பவுசர் நின்ற இடத்திலேயே. மணி அடித்து ஓடியது: சங்குமுனைக்கு ஒரு தடவை, இலந்தைவெளிக்கு நான்கு தடவை. அதில் இரண்டு தடவை கமலாம்பிகை அம்மா பெடியளுக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார், அதை வரவில் போடலாம். இலந்தைவெளி தருகிறேன் என்ற ஆள் இரண்டு. வந்து ஓட்டப் பழகுகிறவன் சுஜீத் என்ற தபால்காரன் ஒருவன். பிரேக் பிடிக்கத் தெரிகிறதாம், கிளச் இன்னும் வரவில்லையாம். நிலுவை, ஆள் ஒன்று.